கரிசல் விடாத தண்ணீர்

மாசி கழிந்து வெயில் ஏற ஏற நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் தரை பிளக்கத் தொடங்கும். சித்திரையில் அந்த வெடிப்புகளுக்குள் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். கையை விட்டால் முழங்கை வரைக்கும் இறங்கும். ஐப்பசியில் மழை விழுந்ததும் அதே தரை உப்பிக்கொண்டு வெடிப்பை எல்லாம் மூடிவிடும். அதற்குப் பிறகு பெய்கிற மழைக்கு உள்ளே போக வழி கிடையாது. மேலேயே நிற்கும், அல்லது ஓடையைத் தேடி ஓடும். நடப்பவரின் செருப்பை மண் வாங்கி வைத்துக்கொள்ளும்.

கரிசல் களியில் மாண்ட்மோரில்லோனைட் வகைக் கனிமம் மிகுதி. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அமைப்பு அது. தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் விரியும். தண்ணீர் போனால் சுருங்கும். பிடித்த ஈரத்தை எளிதில் விடாது, மேற்கொண்டு வருவதையும் உள்ளே விடாது. பருத்தியும் உளுந்தும் மழை நின்ற பிறகும் பல வாரம் தாக்குப்பிடிப்பது இந்தக் குணத்தால்தான். இந்த வட்டாரத்தின் குடிதண்ணீர், கழிப்பறை, கை கழுவும் பழக்கம் மூன்றின் தலையெழுத்தும் இதே குணத்தில்தான் இருக்கிறது. குழாய்க்கு ஒரு திட்டம், கழிப்பறைக்கு ஒரு திட்டம், சுகாதாரப் பிரச்சாரத்துக்கு ஒரு திட்டம் என்று அரசு தனித்தனியாகக் கொண்டுவருகிறது. வந்து இறங்குவது ஒரே மண்ணில்.

நாகலாபுரம், விளாத்திகுளத்திலிருந்து புதூர், பந்தல்குடி வழியாக அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் பாளையம். 1799இல் கட்டபொம்மன் வீழ்ந்தபோது பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் ஒன்று. சுற்றிலும் மானாவாரி: உளுந்து, பாசி, பருத்தி, மல்லி, மக்காச்சோளம், வத்தல். மழை ஏமாற்றிய வருடம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்குள். மாநிலச் சராசரி 900க்கு மேல். வைப்பாறு விளாத்திகுளத்தை ஒட்டித்தான் போகிறது, ஆனால் வருடத்தில் பெரும்பாலான நாள் அது மணல்.

நிலத்தடியில் தண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் மேலே இருக்கும் களி மழையை இறங்க விடாததால் கீழே உள்ள நீர் புதுப்பிக்கப்படுவதில்லை. பாறையிலும் சுண்ணாம்புச் சரளையிலும் ஊறிய உப்பைக் கழுவிக்கொண்டு போக மேலிருந்து நல்ல தண்ணீர் வருவதில்லை. ஆழத் துளை போட்டால் கிடைப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 10500) குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. கரிசல்காட்டுப் பெண்கள் இந்தக் கணக்கை நாக்கிலேயே போடுவார்கள். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் எல்லாம் புழங்குவதற்கு. குடிக்க நல்ல தண்ணி தனியாக வர வேண்டும். வீட்டில் இரண்டு வரிசைக் குடங்கள் எப்போதும் உண்டு.

அந்த நல்ல தண்ணி நெடுங்காலம் ஊருணியிலிருந்து வந்தது. கரிசலில் பள்ளம் வெட்டினால் அடியில் சிமெண்டு வேண்டாம், பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். தேங்கியது கசியாது. அதற்கு எதிரி வெயில்தான். ஆண்டுக்கு ஆள் உயரத்துக்கும் மேல் அது உறிஞ்சிவிடும் என்பதால் ஊருணி அகலத்தைவிட ஆழத்துக்கு முக்கியத்துவம் கொடுத்து வெட்டப்பட்டது. கண்மாய் விவசாயத்துக்கு, ஊருணி குடிக்க. ஊருணிக்கு வரும் ஓடையில் மாடு குளிப்பாட்டக் கூடாது, அந்தப் புறம் யாரும் வெளிக்குப் போகக் கூடாது, கரையில் செருப்போடு ஏறக் கூடாது. இவையெல்லாம் பக்தி சார்ந்த விலக்குகளாகச் சொல்லப்பட்டன. இன்றைய பொறியாளர் இதையே நீர்பிடிப்புப் பாதுகாப்பு என்பார்.

ஊருணித் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். களியின் துகள்கள் மிக நுண்ணியவை. ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், நாள்கணக்கில் அடியில் படியாது. மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தண்ணீர் ஊற்றினால் கொட்டையிலிருந்து கரையும் பொருள் துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கிக் கீழே இறக்கிவிடும். நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் செய்வதும் இதுவே. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. திரண்டு இறங்கும் களியோடு கிருமிகளும் ஒரு பங்கு இறங்கும். மிச்சம் பானையில் இருக்கும். அதே சமயம் கலங்கல் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் பயன் குறைவு. களித்துகளின் மறைவில் கிருமி தப்பிக்கும், கலங்கலோடு வந்த மட்கிய பொருள்களே குளோரினைத் தின்று தீர்க்கும். முதலில் தெளிய வேண்டும், பிறகு மருந்து. பாட்டிமாருக்கு முதல் பாதி தெரிந்திருந்தது. இரண்டாம் பாதியை இன்றைக்கும் பல ஊர்களில் முதல் பாதியை மறந்துவிட்டுச் செய்கிறோம்.

ஊருணியைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுவார்கள். முதலாவது நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கட்டி, அதிலிருந்து நூல் மாதிரி நீளப் புழு வெளிவரும் நோய். கொப்புளம் எரிகிறதே என்று காலைத் தண்ணீரில் வைத்தால் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விடும். அவை கண்ணுக்கு எட்டாத நீர்ப்பூச்சிக்குள் போய், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் வளரும். தமிழ்நாடும் இந்நோய் இருந்த மாநிலங்களில் ஒன்று. இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. துணியில் வடிகட்டிக் குடிப்பது, நீருக்குள் கால் வைக்காதபடி படித்துறையை மாற்றுவது போன்ற தடுப்பு வழிகளாலேயே இந்தியா அதை ஒழித்தது. கடைசி நோயாளி 1996இல் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை போன்றவை ஊருணிகளைச் செப்பனிடும்போது கரையில் மணல் வடிகட்டியும் கிணறும் அமைத்து, அங்கிருந்து கைப்பம்பில் எடுக்கச் செய்வதற்கும் இதே நியாயம்தான்: தண்ணீருக்கும் காலுக்கும் நடுவே சுவர் வேண்டும்.

இரண்டாவது சாதி. ஊருக்குப் பொது என்று சொன்ன ஊருணியில் ஊரில் எல்லோரும் இறங்க முடிந்ததில்லை. பட்டியலினத்தார் கரைக்கு வெளியே நின்று, யாராவது ஊற்றினால் வாங்கிக்கொண்டு போன காலம் இன்னும் நினைவிருக்கும் தொலைவில்தான் இருக்கிறது. குழாய் வந்ததும் இது தீர்ந்துவிடும் என்று நம்பினோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டிக்குள் மலம் கலக்கப்பட்டிருந்தது. எந்தத் தரநிலைப் புத்தகத்திலும் இந்த வகை மாசுக்கு அளவுகோல் இல்லை.

இப்போது குழாய். கோவில்பட்டி நகரம் பல பத்தாண்டுகளாகச் சீவலப்பேரியிலிருந்து, சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடத்திலிருந்து, தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்கிறது. முதல் குழாய் போதாமல் போய், இரண்டாவது குழாய்க்காக ஊரே வருடக்கணக்கில் மனுக் கொடுத்து, மறியல் செய்து, ஒருவழியாக அதுவும் வந்தது. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியாக ஆற்று நீரைக் கரிசல் கிராமங்களுக்கும் நீட்டியிருக்கிறது. ஆற்று மணல் ஓரளவு வடிகட்டித் தந்த நீரைக் கிணற்றில் சேர்த்து, பம்ப் செய்து, வழியில் தொட்டிகளில் நிறுத்தி, மறுபடி ஏற்றி, கடைசியில் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நீளமான ஏற்பாடு. நடுவில் எங்காவது மின்சாரம் போனால், வால்வு பழுதானால், கடைசி ஊருக்கு வராது.

இங்கும் மண் விளையாடுகிறது. கோடையில் சுருங்கி மழையில் விரியும் தரை, தனக்குள் புதைத்த குழாயையும் சேர்த்து இழுக்கிறது, தள்ளுகிறது. இணைப்புகள் விலகும். தண்ணீர் ஓடும் நேரத்தில் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியே போகும். ரோட்டோரம் பச்சைப் புல் முளைத்த இடத்தைப் பார்த்துக் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். தண்ணீர் நின்ற பிறகு அழுத்தம் இறங்கும். அப்போது அதே விரிசல் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். ஏர்வால்வுக் குழியில் குடம் வைத்து மொள்ளும் காட்சி இந்தச் சாலைகளில் புதிதில்லை. அந்தக் குழியில் நிற்கும் நீரும் அடுத்த முறைக்குக் குழாய்க்குள் போக வாய்ப்புண்டு. ஆகவே ஆற்றங்கரையில் எடுத்த நீர்மாதிரி சுத்தமாக இருந்தது என்பது நாகலாபுரத்துக் குடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆற்று வெள்ளத்தில் தாமிரபரணிக் குடிநீர் ஏற்பாடுகள் சேதமாகின. ஊர் முழுக்கத் தண்ணீர், குடிக்க லாரியை எதிர்பார்க்கும் நிலை. ஒரே ஆற்றை மட்டும் நம்புவதன் விலை அது. தூர்ந்துபோன ஊருணிகளை அவசரகால இருப்பாகவாவது வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. மழை வடிந்ததும் பேச்சும் வடிந்தது. தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பைக் கரிசல் ஊர்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். மற்ற ஊரைப் போலவே குழி தோண்டி, ஜல்லி போட்டு, மாடித் தண்ணீரை விட்டார்கள். களியில் அது இறங்காது. இங்கே மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் வைக்க வேண்டும். பூமிக்குள் அனுப்ப நினைப்பது வேறு மண்ணுக்கான யோசனை.

குழாய் வீட்டு வாசலுக்கு வந்தால் போதுமா? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டம் இதைப் படிப்படியாக அளக்கிறது. போய்வர அரை மணிக்குள் கிடைக்கும் பாதுகாக்கப்பட்ட நீர், அடிப்படை வசதி. வீட்டு வளாகத்திலேயே, வேண்டும்போது, கிருமியும் தீய வேதிப்பொருளும் இல்லாமல் கிடைத்தால்தான் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் நீர். 2022 கணக்குப்படி உலகில் 220 கோடிப் பேருக்கு இரண்டாவது கிடைக்கவில்லை. அந்தத் தரத்துக்கு ஈடான கழிப்பறை வசதி இல்லாதவர்கள் 350 கோடி. இந்திய அரசு 2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு கிராம வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. குழாய்களின் எண்ணிக்கை உண்மையிலேயே வேகமாக ஏறியது. மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளில் முதலாவதை அது பெரும்பாலும் நிறைவேற்றிவிட்டது. இரண்டாவதுதான் இங்கே உதைக்கிறது: வேண்டும்போது.

முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் வீடு முழுக்கச் சேமிப்புத்தான். குடம், டிரம், சின்டெக்ஸ், சிமெண்டுத் தொட்டி. மூடாத தொட்டியில் டெங்குக் கொசு முட்டையிடும். அந்த முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த முறை தண்ணீர் நிறைந்ததும் பொரியும். அள்ளும் சொம்போடு விரல் முங்கினால் சுத்தமான நீரும் அங்கேயே கெடும். இவற்றைவிடப் பெரிய விஷயம், நாளைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாதவள் இன்றைக்கு எதில் மிச்சம் பிடிப்பாள் என்பது. சமையலில் முடியாது. குடிப்பதில் முடியாது. கை கழுவுவதில் பிடிப்பாள்.

1972இல் கிழக்கு ஆப்பிரிக்க வீடுகளின் நீர்ப் பயன்பாட்டை ஆராய்ந்து கில்பர்ட் வைட், டேவிட் பிராட்லி, ஆன் வைட் எழுதிய நூல் நீர்சார்ந்த நோய்களைப் புதிதாக வகைப்படுத்தியது. கெட்ட தண்ணீரைக் குடிப்பதால் வருபவை ஒரு வகை. கழுவத் தண்ணீர் போதாமல் வருபவை இன்னொரு வகை. சிரங்கு, கண்நோய் முதலியவை இரண்டாம் வகை. வயிற்றுப்போக்கு இரண்டிலும் சேரும். இந்தப் பிரிவினை எளிமையானது, ஆனால் கொள்கை வகுப்பவர்கள் அடிக்கடி மறப்பது. இரண்டாம் வகைக்கு உப்புத் தண்ணீரானாலும் போதும், நிறைய வேண்டும். ஆர்.ஓ. எந்திரம் முதல் வகைக்கு மட்டும் மருந்து. அதுவும் உள்ளே விட்ட நீரில் பெரும்பங்கை அடர் உப்பாக வெளியே தள்ளும். வடியாத கரிசலில் அது எங்கே போய் நிற்கும் என்று எந்திரம் விற்பவர் சொல்வதில்லை. கேன் தண்ணியில் குடும்பம் குடிக்கலாம். கேன் தண்ணியில் யாரும் கை கழுவ மாட்டார்கள்.

கழிப்பறைக்கு வருவோம். மண் மிகவும் கடுமையாக நடந்துகொள்வது இங்கேதான்.

2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்து இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரிந்துரைத்தது. அமைப்பு நல்ல அமைப்பு. சரிவு அதிகமான கோப்பை, ஒன்றரை இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே போய்விடும். இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய இரண்டு குழிகள். ஒன்று நிறைந்தால் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பலாம். அடைத்தது இரண்டு வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது வாடையில்லாத உரமாகிவிடும். மனிதர் மலம் அள்ளும் கொடுமைக்கு இடமிருக்காது. எல்லாம் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது: குழிக்குள் போகும் நீரைச் சுற்றியுள்ள மண் உறிஞ்ச வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள வீடு, ஆளுக்கு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் வீதம் 50 லிட்டர் குழிக்குப் போகும். ஒரு மீட்டர் விட்டமும் பயன்படும் ஆழம் ஒரு மீட்டரும் உள்ள குழியின் பக்கச்சுவர்ப் பரப்பு 3.14 சதுர மீட்டர். மணல் மண் சதுர மீட்டருக்கு 50 லிட்டர் உறிஞ்சும் என்பது வடிவமைப்புக் கணக்கு. ஆக 157 லிட்டர், தாராளம். களிமண் 10 லிட்டர்தான் உறிஞ்சும். ஆக 31 லிட்டர். மீதி 19 லிட்டர் தினமும் குழியிலேயே நிற்கும். இது சாதாரணக் களிக்கான கணக்கு. கார்த்திகையில் உப்பி மூடிய கரிசல் அந்த 10ஐயும் தராது. குழி நிறைந்து, கோப்பையில் தண்ணீர் இறங்காமல், வீட்டுக்காரர்கள் பழையபடி கருவேலங்காட்டுக்குப் போகிறார்கள். அதிகாரிகள் இதை மனப்பான்மைக் கோளாறு என்று எழுதுகிறார்கள்.

கோடையில் நேர்மாறு. தரை பிளந்ததும் குழியிலிருந்து வெடிப்புகள் வழியாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே ஓடிவிடும். மண் உறிஞ்சும்போதுதான் கிருமி சாகும். வெடிப்பில் ஓடும் நீரை மண் தொடுவதே இல்லை. அந்த ஓட்டம் போய்ச் சேரும் இடத்தில் கிணறோ கசியும் குழாயோ இருந்தால் குழாய்த் திட்டமும் கழிப்பறைத் திட்டமும் பூமிக்கடியில் சந்தித்துக்கொள்ளும்.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. கரிசல் மண்ணில் குழிச்சுவருக்கு வெளியே சுற்றிலும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு மணலோ சரளையோ நிரப்ப வேண்டும் என்று அரசின் தொழில்நுட்பக் கையேடுகளிலேயே இருக்கிறது. அப்போது உறிஞ்சும் வட்டம் 1.6 மீட்டர் விட்டமாகும். பரப்பு 5 சதுர மீட்டர், அதாவது 50 லிட்டர். கணக்கு நேராகிவிடும். மழைக்காலத்துக்காகக் குழியைப் பாதி தரைக்கு மேலே உயர்த்தி மண் அணைக்கலாம். செலவு கூடும், மணலுக்கு லாரி வேண்டும். 12,000 ரூபாய் மாநிலமெங்கும் ஒன்றுதான். நீரையே குழிக்குள் விடாத வழியும் உண்டு. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து, சாம்பல் தூவி, உலரவைத்து உரமாக்கும் கழிப்பறைகளை நடைமுறைப்படுத்திக் காட்டியது. பழக்கப்படக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன்.

மக்கள் தேர்ந்தெடுத்திருப்பது வேறு. கையில் காசு உள்ளவர்கள் ஆழமாக உறை இறக்கி, அல்லது பெரிய தொட்டி கட்டி, அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையான செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீருக்கும் உறிஞ்சும் மண் வேண்டும். அது இல்லாததால் குழாய் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை ஓடைக்குப் போகிறது, ஓடை கண்மாய்க்குப் போகிறது. அடியில் சேர்ந்ததை லாரி உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே கொட்டுகிறது என்று கேட்டால் ஊருக்கு வெளியே என்பார்கள். ஊருக்கு வெளியே என்பது ஊருணியின் வரத்துக்கால் தொடங்கும் இடமாகவும் இருக்கலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊராட்சிக்கு ஒன்றாகக் கட்டிய மகளிர் சுகாதார வளாகங்கள் பல பூட்டிக் கிடந்ததற்கும் காரணம் பெரிய மர்மமில்லை. தண்ணீர் இணைப்பும், பராமரிக்க ஆளும் இல்லை. பெண்கள் மறைவுக்குப் போன சீமைக்கருவேலத்தையும் கண்மாய்ச் சீரமைப்பு வெட்டி எடுத்துவிட்டது. மரம் போக வேண்டியதுதான். ஆனால் அதை வெட்டுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாதி வேலை எவ்வளவு பலன் தரும் என்று உலகம் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களில் நடந்து, 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. பலர் கழிப்பறையைப் பயன்படுத்தவில்லை. மீதி வீடுகளில் கழிப்பறையே இல்லை. அதே ஒடிசாவில் கிராம் விகாஸ் என்ற அமைப்பு வேறு மாதிரி வேலை செய்தது. ஊரில் எல்லா வீடும், எல்லாச் சாதியும் ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும்; வீட்டுக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை, அவற்றுக்குள் குழாய், மூன்றும் சேர்ந்தே வரும். அந்தக் கிராமங்களில் நீரால் வரும் நோய் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. மெதுவான வழி. எண்ணிக்கைப் பட்டியலுக்கு ஒத்துவராத வழி. எனக்கு அதில் பிடித்தது, குளியலறையைச் சேர்த்தது. கதவுக்குப் பின்னால் குளிக்க ஒரு இடம் கிடைக்கும் என்றால் அந்த வீட்டுப் பெண்களே திட்டத்தை முன்னெடுத்துப் போவார்கள்.

நாகலாபுரம் வட்டாரத்துக்கு இதை இறக்கிப் பார்த்தால் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கழிப்பறைக்குப் பணம் ஒதுக்குமுன் மண்ணைப் பார்த்து மணல் உறைக்கும் சேர்த்துத் தொகை வைப்பது. குழாய்ப் பாதை, குழி, ஊருணி வரத்து மூன்றையும் ஒரே வரைபடத்தில் குறிப்பது. ஒரு ஊருணியையாவது தூர்வாரி, வேலி போட்டு வைத்திருப்பது. டேங்க் ஆபரேட்டருக்கு ஒழுங்கான சம்பளமும், பிளீச்சிங் பவுடர் எவ்வளவு, எப்போது என்ற பயிற்சியும் தருவது. ஊரின் ஆரோக்கியத்தில் அவர் கைக்கு மருத்துவரைவிட அதிகப் பங்கு உண்டு.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 இப்போது தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. அன்று தீர்மானங்கள் வாசிக்கப்படும், கையெழுத்து வாங்கப்படும். அதோடு ஒரு சோதனையும் செய்யலாம். குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று, சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டால் நிறம் மாறுவதைக் கொண்டு எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்தக் குப்பியை மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் பிடிப்பது வழக்கம். கடைசித் தெருவில், கடைசி வீட்டுக் குழாயில், தண்ணீர் வந்த முதல் ஐந்து நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும்.